வார்த்தையின் பாதி மறைந்து, பிறகு கோட்டைமதில் போல மின்னுகிறது: இது கண்ணின் குறையா?

மெய்ப்புநோக்கி (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில், வயது 44. சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் ஒரு கட்டுரைத் தொகுப்பின் இரண்டாம் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பள்ளிக்கூடம்' என்று வரவேண்டிய இடத்தில் 'பள்ளி' என்று மட்டும் இருந்ததால், 'கூடம் விடுபட்டுள்ளது' என்று ஓரத்தில் சிவப்பு மையால் குறித்தேன். அடுத்த வரியில் 'வழிபாடு' வெறும் 'வழி'யாக நின்றது. அதற்கடுத்து 'தலைநகரம்' 'தலை'யோடு முடிந்திருந்தது. வடிவமைத்தவரை மனத்துக்குள் கடிந்துகொண்டே மூன்றாவது குறியையும் போட்டுவிட்டுத் தாளைச் சற்று நகர்த்திப் பார்த்தால், மூன்று சொற்களும் முழுமையாகவே இருந்தன.

அதன் பிறகுதான் குறை தாளில் இல்லை என்று விளங்கியது. நான் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதற்கு வலப்புறம் இருப்பது தெரியவில்லை. அங்கே கருப்பாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படி நமக்குத் தெரிவதில்லையோ அப்படி அந்த இடமே இல்லாமல் போயிருந்தது. சில நிமிடங்களில் அந்த ஓட்டையின் விளிம்பில் வெள்ளி நிறத்தில் ஒரு வளைந்த கோடு தோன்றி, உச்சி வெயிலில் தகரக் கூரை கூசுவதைப் போல நடுங்கிக்கொண்டே பெரிதாகி, வலப்பக்க ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தது. எல்லாமாக இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கலாம். அரைமணி கழித்து இடப்பக்கப் பொட்டில் தெறிக்கத் தொடங்கிய வலி, இரண்டு முறை வாந்தி எடுத்து, இருட்டறையில் மாலை வரை படுத்த பிறகே தணிந்தது.

வலக்கண்ணின் விழித்திரையில் ஏதேனும் கோளாறா, கண்ணாடியின் பவர் மாறிவிட்டதா, அல்லது பயப்பட வேண்டிய வேறு நோயா? என் தாயாருக்குக் கபாலக் குத்து என்று ஊரில் சொல்லும் தலைவலி வெகுகாலம் இருந்தது.

வேப்பமரத்தடி

நாள் முழுவதும் பொடி எழுத்தைப் பார்ப்பவர்களுக்குக் கண்ணில் பூச்சி பறப்பது இயல்புதான், ஐயா. கண்ணாடியை மாற்றுங்கள். வாந்தி வந்து வலி தணிந்தது என்கிறீர்கள். அது பித்தத் தலைவலி. காலையில் வெறும் வயிற்றில் சுக்குக் கஷாயம் குடித்துப் பாருங்கள்.

கண்பரிசோதகர்

கண் மருத்துவர்களுடன் பார்வைப் பரிசோதகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த மின்னல் இருந்தபோது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தீர்களா?

மெய்ப்புநோக்கி (மதுரை)

இல்லை, அம்மா. வலப்பக்கம் தெரியவில்லை என்பதால் வலக்கண் என்று எண்ணிக்கொண்டேன்.

கண்பரிசோதகர்

என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணிக்கொண்டார்கள். பார்வையின் வலப்பாதி வலக்கண்ணுக்கு மட்டும் உரியதன்று. இரண்டு கண்களும் வலப்பக்கத்தில் காண்பவை அனைத்தும் மூளையின் இடப்பாதியில் உள்ள, பின்மண்டையோரமான பார்வைப் புறணிக்கு, அதாவது காட்சியை உணரும் மூளையின் மேலடுக்குக்கு, சென்று சேர்கின்றன. கோளாறு அங்கே நிகழ்ந்தால், வலக்கண்ணை மூடினாலும் மின்னல் தெரியும், இடக்கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டையும் மூடினாலும்கூடத் தெரியும். ஒரு கண்ணை மூடியதும் மறைந்துவிட்டால், அந்தக் கண்ணிலோ அதற்குச் செல்லும் ரத்த ஓட்டத்திலோதான் குறை இருக்கிறது என்று பொருள். அதற்கான பரிசோதனைகள் முற்றிலும் வேறு.

நீங்கள் எழுதியிருப்பது, 'ஆரா' என்ற முன்னறிகுறியுடன் வரும் ஒற்றைத் தலைவலியின், அதாவது மைக்ரேனின், பாடப்புத்தக வர்ணனை போலவே இருக்கிறது. ஆயினும் முதன்முறை என்பதால் நரம்பியல் மருத்துவர் ஒருவரையும், விழித்திரையைச் சோதிக்கக் கண் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். கண்ணாடியைப் பற்றி வேப்பமரத்தடி ஐயா சொன்னதற்கு: பவர் மாறினால் எழுத்து எப்போதும் மங்கலாகத் தெரியும். இருபது நிமிடம் பாதிச் சொல்லைத் தின்றுவிட்டுப் பிறகு திருப்பித் தரும் பவர் குறையை நான் பார்த்ததில்லை.

வடலி (யாழ்ப்பாணம்)

உங்கள் பதிவை வாசித்தபோது என் பதினேழாவது வயது நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் தலைவலியைத் தலையிடி என்போம். எனக்கு ஒற்றைத் தலையிடி இருபத்திரண்டு வருடங்களாக உண்டு. முதல் தடவை கரும்பலகையில் ஆசிரியையின் முகம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தபோது, கண் போய்விட்டது என்று அழுதேன்.

கோட்டைமதில் என்று தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஐந்து மூலைகளிலும் கூரிய கொத்தளங்களுடன் இருக்கும். அதன் வரைபடத்தைப் பாடசாலைச் சுவரில் கண்ட நாளில்தான், என் கண்ணுக்குள் வருவதற்கு உருவம் சொல்ல எனக்கொரு சொல் கிடைத்தது: உள்ளுக்கும் வெளிக்குமாக முறிந்து முறிந்து போகும் மதில், அதில் ஒரு பக்கம் இடிந்து திறந்திருக்கும். உங்களுடையது மூடிய வட்டமா, ஒரு பக்கம் திறந்த பிறையா?

அரைவட்டம்

வடலி அக்கா தாமாகவே கண்டடைந்த உவமை 150 ஆண்டுகளுக்கு முன்பே பதிவானது. ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தமக்கு வந்த மின்னலைப் படிப்படியாக வரைந்து 1870-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். கொத்தளங்கள் சூழ்ந்த அரண்நகரை மேலிருந்து பார்ப்பது போல இருந்தது என்று அவரும் எழுதினார். அவருடைய தந்தை ஜார்ஜ் ஏரி பிரிட்டனின் அரச வானியலாளர். அவருக்கும் இதே மின்னல் வந்தது, அவரும் 1865-இல் அதை எழுதி வெளியிட்டார். மெய்ப்புநோக்கி தம் தாயாரைக் குறிப்பிட்டதால் இதைச் சொல்கிறேன். இந்நோய் பரம்பரையில் ஓடுவது மிகச் சாதாரணம்.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆனால் எனக்கும் இது உண்டு என்பதால் தேடித்தேடிப் படித்தேன். இதில் என்னை மிகவும் ஈர்த்தது வேகம். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தம் பார்வையில் தோன்றிய ஓட்டை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு விரிகிறது என்று குறித்துவைத்து, பார்வைப் புறணியின் மேல் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது என்று 1941-இல் கணக்கிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' என்னவென்று அவருக்குத் தெரியாது. 1944-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லெயாவ், ஹார்வர்டில் முயல்களின் மூளையை ஆராய்ந்தபோது, மூளையின் மேற்பரப்பில் நரம்பணுக்களின் மின்செயல் அடங்கிப்போகும் ஓர் அலை, ஏறத்தாழ அதே நத்தை வேகத்தில் பரவுவதைக் கண்டார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவை ஒன்றாக இருக்கலாமே என்று ஒருவர் எழுத 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பீட்டர் மில்னர். 2001-இல் ஹஜிகானியும் அவருடன் பணியாற்றியவர்களும், முன்னறிகுறி நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவரின் மூளையை எம்ஆர்ஐ கருவியில் படம்பிடித்து, அந்த அலைக்கு ஒத்த மாற்றம் மனித மூளையிலும் நகர்வதைக் காட்டினார்கள்.

இப்போது மெய்ப்புநோக்கியின் அனுபவத்தை இதன் மேல் பொருத்திப் பாருங்கள். அலையின் முன்விளிம்பில் அணுக்கள் ஒரு கணம் மிதமிஞ்சிச் சுடர்கின்றன. அதுதான் மின்னும் மதில். பார்வைப் புறணியில் ஒவ்வோர் அணுக்கூட்டமும் குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கே துடிப்பது என்பதால், அவை வரிசையாகத் தூண்டப்படும்போது முறிந்து முறிந்து செல்லும் கோடுகளாகத் தெரிகிறது என்று கருதுகிறார்கள். விளிம்பு கடந்து சென்றபின் அதே அணுக்கள் சோர்ந்து மௌனமாகின்றன. அதுதான் மதிலுக்கு உட்பக்கம் இருக்கும் ஓட்டை. அலை புறணியின் மேல் சீரான வேகத்தில்தான் போகிறது. ஆனால் பார்வையின் நடுப்பகுதிக்கு மூளை நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறது, ஓரப்பகுதிக்குக் கொஞ்சமே ஒதுக்கியிருக்கிறது. ஆகவே பிறை முதலில் அசையாததுபோல நின்று, ஓரத்தை நெருங்கும்போது விரைந்து பெரிதாவதுபோல நமக்குத் தோன்றுகிறது. இருபத்தைந்து நிமிடத்தில் அது கடப்பது ஏழெட்டு சென்டிமீட்டர். ஓர் ஆட்காட்டி விரலின் நீளம்.

வலி ஏன் பின்னால் வருகிறது என்றால், மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. அலை விட்டுச்செல்லும் ரசாயன மாற்றங்கள் மூளையைச் சுற்றியுள்ள உறையின் நரம்புகளைத் தூண்டுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது.

வேப்பமரத்தடி

என் மனைவிக்குத் தலைவலியின்போது மூக்கடைத்துக் கண்ணில் நீர் வடிகிறது. சைனஸ் என்று சொல்லி ஆறு ஆண்டுகளாக ஆவி பிடிக்கிறார். தலைக்குக் குளித்த நாளில் கட்டாயம் வருகிறது. அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

கண்பரிசோதகர்

சேரக்கூடும். மைக்ரேனிலும் மூக்கடைப்பும் கண்ணீரும் வரும். அதனாலேயே பலர் சைனஸ் என்ற பெயரில் பல்லாண்டு ஆவி பிடித்துக் கழிக்கிறார்கள். காய்ச்சலோ, கெட்டியான மஞ்சள் சளியோ இல்லாமல், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் படுக்க வைக்கும் தலைவலியை ஒரு முறையாவது நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைக்குக் குளிப்பது தூண்டுவதை நம் நாட்டுத் தலைவலி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் தவறுதல், தூக்கம் குறைதல், வெயில் கூச்சம் ஆகியவை பொதுவானவை. கண்முன் மின்னல் தெரியாவிட்டாலும் மைக்ரேனாக இருக்கலாம். மைக்ரேன் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் முன்னறிகுறி வருகிறது.

பனிமலர்

எனக்கு வயது 29. இதே பிறை கடந்த ஆண்டில் நான்கு முறை வந்தது. இரண்டு முறை வலியே இல்லாமல் போய்விட்டதால் யாரிடமும் சொல்லவில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருவதற்காக மகளிர் மருத்துவர் கொடுத்த ஹார்மோன் மாத்திரையை எட்டு மாதமாக எடுத்துக்கொள்கிறேன். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

வடலி (யாழ்ப்பாணம்)

தங்கையே, இதை நாளைக்குத் தள்ள வேண்டாம். உங்கள் குளிசை அட்டையில் ஈஸ்ட்ரோஜன் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னறிகுறியுடன் கூடிய மைக்ரேன் உள்ள பெண்களுக்கு மூளைப் பக்கவாதத்தின் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்றும், ஈஸ்ட்ரோஜன் அதை மேலும் கூட்டுகிறது என்றும் என் வைத்தியர் விளங்கப்படுத்தினார். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், முன்னறிகுறி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடைக் குளிசையே கூடாது என்ற வகையில் வைத்திருக்கிறது. இளம் வயதில் அடிப்படை ஆபத்து மிகச் சிறியது என்பதால் இரு மடங்கு ஆனாலும் அது சிறியதுதான்; ஆகவே பதறவும் வேண்டாம். ஆனால் குளிசை எழுதித் தந்தவருக்கு இந்தப் பிறையைப் பற்றித் தெரியாது, ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை. இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்று வழிகள் இருக்கின்றன.

பனிமலர்

அட்டையில் எத்தினைல் எஸ்ட்ராடியால் என்று இருக்கிறது, அது ஈஸ்ட்ரோஜன் வகைதான். தொலைபேசியில் பேசிவிட்டேன், நிறுத்திவிட்டு நாளை நேரில் வரச் சொன்னார். தலைவலி உண்டா என்று அவர் முதல் நாளே கேட்டிருந்தார். வலி அவ்வளவாக இல்லாததால் இல்லை என்று சொன்னவள் நான்தான். நன்றி, அக்கா.

ஓய்வூதியர்

நானும் கேட்கலாமா? வயது 63. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. கடந்த பத்து நாளில் மூன்று முறை பார்வை போய்த் திரும்பியது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. வலி எதுவும் இல்லை.

அரைவட்டம்

அஞ்ச வேண்டாம், ஐயா. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தலைவலி இல்லாமல் முன்னறிகுறி மட்டும் வருவதை மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் 1980-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். என் தந்தைக்கும் அப்படித்தான். இன்றுவரை நலமாக இருக்கிறார்.

கண்பரிசோதகர்

அரைவட்டம் அவர்களே, தயவுசெய்து அந்தப் பதிலைத் திரும்பப் பெறுங்கள். ஃபிஷர் எழுதியது உண்மை. ஆனால் மற்ற காரணங்களை விலக்கிய பிறகே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும்.

ஓய்வூதியர் ஐயா, மூன்று விவரங்கள் வேண்டும். ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? மின்னல் ஏதும் தெரிந்ததா, வெறும் இருட்டா? மெல்ல நகர்ந்து வந்ததா, சட்டென்று மூடியதா?

ஓய்வூதியர்

இடக்கண்ணில் மட்டும், அம்மா. மூடிப் பார்த்தேன். மின்னல் எதுவும் இல்லை. கடை ஷட்டரை இழுத்து மூடுவது போல மேலிருந்து ஒரு கருந்திரை சில நொடிகளிலேயே இறங்கிவிட்டது.

கண்பரிசோதகர்

இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், ஐயா; நாளை காலை வரை காத்திருக்காதீர்கள். கண் மருத்துவர் மட்டும் இருக்கும் இடத்தைவிட, பக்கவாதச் சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனை நல்லது. வீட்டில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள், வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். மற்றவர்கள் ஏன் என்று கேட்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். மைக்ரேனின் முன்னறிகுறி பொதுவாக ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ எடுத்து மெல்லப் பரவும், ஐந்து முதல் அறுபது நிமிடம் வரை இருக்கும், இல்லாத ஒளியைக் காட்டும். இவருக்கு நேர்ந்ததோ நொடிகளில் ஒரே கண்ணில், இருக்கும் ஒளியை அணைத்தது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்து சிறு துணுக்கு உடைந்து கண்ணின் ரத்தக்குழாயில் சிக்கி விலகும்போது இப்படித்தான் நேரும். அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம். ஐம்பதைக் கடந்தவர்களுக்குப் பொட்டுத் தமனியின் அழற்சியாகவும் இருக்கலாம். தலை சீவும்போது பொட்டில் வலியும் மெல்லும்போது தாடையில் வலியும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்குத் தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். திரை இறங்கி மீளாமலே நின்றுவிட்டால் விழித்திரை விலகலையும் பார்க்க வேண்டும்.

அரைவட்டம்

என் பதிலை நீக்கிவிடும்படி மட்டுறுத்துநரிடம் கேட்டிருக்கிறேன். ஆண்டும் பெயரும் தெரிந்திருந்த எனக்கு, எந்தக் கண் என்று கேட்கத் தோன்றவில்லை. மன்னிக்க வேண்டும், ஐயா.

ஓய்வூதியர்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். கழுத்தில் ஸ்கேன் எடுத்ததில் இடப்பக்கத் தமனி வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கவும் கொழுப்பைக் குறைக்கவும் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். அறுவை சிகிச்சை பற்றித் திங்கட்கிழமை முடிவு செய்வார்கள். கண்பரிசோதகர் அம்மாவுக்கு என் மனைவியும் நன்றி சொல்லச் சொன்னார்.

மெய்ப்புநோக்கி (மதுரை)

பத்தொன்பது நாள் கழித்து எனக்கு இரண்டாவது முறை வந்தது. இம்முறை கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெய்ப்புத் தாளின் பின்புறம் நடுவில் ஒரு புள்ளியிட்டு, அதையே பார்த்தபடி நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிறை எங்கே நிற்கிறது என்று வரைந்தேன். ஆறு பிறைகள் விழுந்தன. முதலாவது புள்ளியை ஒட்டிப் பயறளவில் இருந்தது. நான்காவது உள்ளங்கை அகலம். ஆறாவதில் பாதி தாளுக்கு வெளியே போய்விட்டது. மொத்தம் 24 நிமிடம். வலக்கண்ணை மூடினேன், தெரிந்தது. இடக்கண்ணை மூடினேன், தெரிந்தது. வடலி அம்மா கேட்டதற்கு விடை: ஒரு பக்கம் திறந்த பிறைதான், திறந்த பக்கம் எப்போதும் பார்வையின் நடுவை நோக்கியே இருந்தது.

நரம்பியல் மருத்துவர் நான் சொன்ன கதையைக் காட்டிலும் அந்தத் தாளைத்தான் நெடுநேரம் பார்த்தார். கைகால் பலத்தையும், கண்ணுக்குள் விளக்கடித்து நரம்பையும் சோதித்துவிட்டு, ஸ்கேன் இப்போதைக்குத் தேவையில்லை என்றார். பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை பலமிழந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்னல் நீடித்தாலோ உடனே வரச் சொன்னார். விழித்திரையிலும் குறையில்லை என்று கண் மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வடலி (யாழ்ப்பாணம்)

நல்லது. குளிசையை மின்னல் வரும்போதே போடச் சொன்னாரா, வலி தொடங்கியபின் போடச் சொன்னாரா? எனக்கு வெவ்வேறு வைத்தியர்கள் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள்.

மெய்ப்புநோக்கி (மதுரை)

சாதாரண வலிமாத்திரையை மின்னல் தொடங்கியதுமே போடலாம் என்றும், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையை வலி தொடங்கும் கணத்தில்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். மின்னலை நிறுத்தும் மாத்திரை எதுவும் இல்லை, அது தன் தூரத்தைக் கடந்துதான் தீரும். இதய நோய் உள்ளவர்களுக்கு டிரிப்டான் கூடாதாம். வலிமாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளும், டிரிப்டானைப் பத்து நாளும் எட்டவிட்டால், மாத்திரையாலேயே தினசரித் தலைவலி வந்துவிடும் என்று எச்சரித்தார். அடிக்கடி வரத் தொடங்கினால் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்துக்குப் போகலாம். இப்போது வேண்டாம் என்றார்.

வேப்பமரத்தடி

வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன செய்வீர்கள்? என் மனைவி தினமும் ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறார். அடுத்த வாரம் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.

மெய்ப்புநோக்கி (மதுரை)

அதையும் பார்த்துவிட்டேன், ஐயா. நேற்று மாலை பைபாஸ் சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தேன். வினாடி காட்டும் பலகையில் 4 என்று இருந்தது. வண்டியை முடுக்கக் கையை வைத்தேன். பக்கத்தில் ஒருவர்கூட அசையவில்லை. பார்வையைச் சற்று வலப்பக்கம் திருப்பியதும் 43 என்று தெரிந்தது. பச்சை விழும் வரை காத்திருக்காமல் இறங்கி, வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்த் தேநீர்க்கடை வாசலில் நிறுத்தினேன். மகனுக்கு ஃபோன் செய்து பேருந்தில் வரச் சொன்னேன். அவன் வந்து சேர்வதற்கும் பிறை ஓரத்தைத் தாண்டுவதற்கும் சரியாக இருந்தது. ஆனாலும் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டேன்.